துண்டு முறையும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும்

கூலி என்பது தமிழ்ச்சொல். செய்த வேலைக்குப் பெறும் ஊதியம் என்பதே அதன் பொருள். திருவள்ளுவரும் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் அச்சொல்லை ஆண்டிருக்கின்றார். அங்கே அது முயற்சி தன்னை மேற்கொண்டோனுக்கு அளிக்கும் பயனைக் குறித்து உயர்ந்து நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டுக்கு வந்த ஆங்கிலத் தோட்டத் துரைமார் வாயில் அகப்பட்டபின் அச்சொல் ஊதியத்தை விட்டு நீங்கி, ஊதியம் பெறும் மனிதனுக்கே பெயராயிற்று. கண்காணி கங்காணியாயினான். துண்டு என்னும் எளிய சொல்லோ ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கட்டிய கயிற்றுக்குப் பெயராயிற்று.

அக்கயிற்றை அறுத்தற்கு முன்னின்று உழைத்தவருள் ஒருவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள். பல்கலைக்கழக இயக்கத்தின் தந்தை எனவும், இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற் தலைவர் எனவும், சைவ நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்த அறிஞர் எனவும் அன்னாரைப் பலர் அறிவர். தோட்டத் தொழிலாளர் பொருட்டு அவர் தமது முதுமையிற் செய்த தொண்டு அத்துணை பேசப்படுவதில்லை. மலைநாட்டிலே, அதிலும் மாத்தளையிலே, வாழும் நாம் அதனை அறியாதிருத்தல் பொருந்தாது.

மாத்தளையை ஏன் எடுத்துக் கூறுகின்றேன் எனிற் கூறுவேன். தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் முதன்முதலிற் கண்ட மலைநாட்டு ஊர் இதுவே. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிற் கிராமங்களை விட்டுப் புறப்பட்டோர், தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிலே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து வன்னிக் காட்டினூடே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என நூறு மைலுக்கு மேற்பட்ட வழியைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். இதுவே வடபாதை எனப்பட்டது. குடிக்க நல்ல நீர் கிடையாது. கோடையிற் குளங்கள் வற்றும். மாரியில் ஆறுகள் பெருகும். வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழிநெடுகக் காத்திருந்தன. நோயால் விழுந்தோரை வழியில் விட்டுவிட்டு ஏனையோர் நடந்தனர் என்பது அக்காலப் பதிவுகளால் அறியக் கிடக்கின்றது. அரசினர் பின்னர் மடங்களும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் அமைத்தனர். உயிரோடு மாத்தளையை அடைந்தோர் இளைப்பாறி, எல்கடுவைக்கும் இரத்தோட்டைக்கும் கண்டிக்கும் அதற்கு அப்பாலும் பிரிந்து சென்றனர். மாரியம்மனுக்கு இவ்வூரிலே இத்துணைப் பெரிய கோயிலும், மாசிமகத்திலே ஐந்து தேர் ஓடும் விழாவும் வாய்த்தது ஏன் என்று வெளியூர் அன்பர்கள் வினவுவதுண்டு. அம்மை நோய்க்கு அஞ்சி நடந்து வந்த மக்கள் வேறு யாரை வணங்குவர்?

இவர்களை அழைத்து வரவேண்டிய தேவை எவ்வாறு எழுந்தது? 1820களிலே தேசாதிபதி பார்ன்ஸ் காலத்திற் கம்பளையிலும் கன்னொறுவையிலும் கோப்பிப் பயிர் பெருந்தோட்டமாகத் தொடங்கிற்று. 1840களில் அது வெறியாகப் பரவிற்று. காடு இருந்தது, முதல் இருந்தது, ஆள் இல்லை. கண்டிச் சிங்களக் குடியானவனுக்கு வயலும் சேனையும் இருந்தன. துரையின் கட்டளைக்கு அடங்கி நாள்தோறும் ஒரே வேலையைச் செய்து லயத்திற் குடியிருக்க அவன் இசைந்தானல்லன். அவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்த துரைமார் பலர். தன் நிலம் உடையவன் பிறன் நிலத்துக்கு ஏன் போகவேண்டும் என்னும் வினா அவர்களுக்குத் தோன்றவில்லை. 1848ஆம் ஆண்டில் ஒவ்வோர் ஆண்மகனும் ஆறுநாள் தெரு வேலை செய்யவேண்டும், அன்றேல் வரி கட்டவேண்டும் என்று சட்டம் செய்தபோது, பிற வரிகளாற் கொதித்திருந்த மக்கள் இதே மாத்தளையிற் கிளர்ந்தெழுந்தமை யாவரும் அறிந்தது. உள்ளூரான் வளையான் என்பது தெளிவாயிற்று. ஆகவே கடலுக்கு அப்பாலிருந்து, பஞ்சத்தால் வளைந்தவன் வரவழைக்கப்பட்டான்.

உலகின் பிற இடங்களிலும் இதுவே நடந்தது. ஆங்கிலக் குடியேற்ற நாடுகளிலே 1834இல் அடிமை முறை நீங்கிய பின்னர்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டி மொரீசியசுக்கும், பின் கயானா, திரினிடாட், நேட்டால், பீஜி முதலிய நாடுகளுக்கும் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். இலங்கையில் அத்தகைய ஐந்தாண்டு ஒப்பந்தம் இல்லை. தொழிலாளர் கங்காணியின் பின்னே தாமாக வந்தவர், மாத முன்னறிவித்தல் கொடுத்துத் தாமாகப் போகலாம் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்தது. அவ்வேட்டுச் சுதந்திரத்தின் உள்ளீடு யாது என்பதை அறிதற்கே துண்டு முறையை அறியவேண்டும். அதற்கு முன் நம் தலைவரின் வரலாற்றைத் தொடங்குவோம்.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பிற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொழும்பு கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவிய செல்வர். தாயார் செல்லாச்சி அம்மையார், சேர் முத்துக்குமாரசுவாமியின் சகோதரி. குமாரசுவாமியும் இராமநாதனும் தமையன்மார். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அம்மான் மைந்தர். இத்தகைய குடியிற் பிறந்தவர்க்கு வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. கொழும்பு அக்கடமியிற் கற்று, 1870இற் புலமைப் பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையிலே தேறி, அவ்வழியால் அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் என்னும் பெருமையை எய்தினார்.

பல ஊர்களிலே நீதிபதியாக இருந்து, தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் காலத்திலே தம்மினும் மூத்த ஆங்கில உத்தியோகத்தர் பலர் இருக்கவும் பதிவாளர் நாயகம் பதவிக்கு உயர்ந்தார். பிறப்பு, இறப்பு, காணி உறுதி ஆகியவற்றின் பதிவுகளை ஒழுங்கு செய்தார். நாட்டின் சட்டங்களைத் தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டார். இடையறாத அலுவலுக்கிடையே திருவாசகத்தையும் பிற தமிழ் நூல்களையும் ஆராய்ந்து ஆங்கிலத்திற் பெயர்த்தார். கேம்பிரிட்ஜ் நண்பராகிய எட்வர்ட் கார்ப்பெண்டர் இலங்கைக்கு வந்தபோது அவரை ஒரு தமிழ் ஞானியிடம் அறிமுகஞ் செய்ததும் இவரே. இவையெல்லாம் விரித்தற்குரியன, இன்று நம் பொருள் வேறாதலின் விடுகின்றேன்.

ஆனால் 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை விடல் இயலாது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 1ஆம் திகதி எடுக்கப்பட்ட அக்கணக்குக்கு அருணாசலமே தலைவராக இருந்தார். அவர் எழுதிய அறிக்கை நாட்டின் வரலாறு, மொழி, சமயம், வழக்கம் அனைத்தையும் தழுவிய பெருநூலாக அமைந்தது. அக்கணக்கிலே இலங்கை மக்கள் 35 லட்சத்து 65 ஆயிரம் பேர் என வந்தது. அவர்களுள் தோட்டங்களில் வாழ்ந்தோர் 4 லட்சத்து 41 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். 1871இல் இத்தொகை 1 லட்சத்து 23 ஆயிரமாகவே இருந்தது. முப்பதாண்டில் மூன்று மடங்குக்கு மேற் பெருகிய இக்கூட்டத்தை எண்ணி எழுதியவர் அருணாசலமே.

பெருக்கத்துக்குக் காரணம் தேயிலை. கோப்பிக்குப் பழம் பறிக்குங் காலத்திலேதான் ஆள் மிகுதியாக வேண்டும். பறித்து முடிந்ததும் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பினர். 1869இலே தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. பின் வந்த தேயிலையோ ஆண்டு முழுதும் கொழுந்து விடுவது. பறித்த கொழுந்து வாடி வதங்குமுன் தொழிற்சாலைக்குச் சேர வேண்டும். அங்கே வாட்டவும் அரைக்கவும் உலர்த்தவும் சலிக்கவும் ஆள் நிற்க வேண்டும். வந்தவன் போகாதிருத்தல் துரைக்கு இன்றியமையாததாயிற்று. 1880இற் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. நூற்றாண்டு முடியும்போது வடபாதை மூடப்பட்டது. தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பு வந்து, இராகமை முகாமிலே தங்கி, கழுத்திலே தோட்ட எண் பொறித்த தகரத் துண்டு தொங்க, தொழிலாளர் புகையிரதத்தில் மலையேறினர்.

என் பூட்டனார் அவ்வாறு வந்தவர். அவர் சேர்ந்தது இரத்தோட்டைப் பகுதியில் ஒரு தோட்டம். தகரத்தில் இருந்தது எண். செக்றோலில் இருந்ததும் ஒரு கோடும் புள்ளியுமே. ஒருநாள் வேலை முடித்தால் ஒரு பேர். குறைவாகப் பறித்தால் அரைப்பேர். சொல்லுக்குப் பொருள் தேடித் திரிவதே பண்டிதனுக்குத் தொழில். மனிதன் பேரையே பாதியாக வெட்டும் இவ்வழக்குக்கு எந்நிகண்டிலும் நான் பொருள் கண்டேனல்லேன்.

இனித் துண்டு. தொழிலாளி ஊரைவிட்டுப் புறப்படும்போதே கடனாளி. வழிச்செலவு, அரிசி, கம்பளி, ஊரிலே தீர்க்கவேண்டிய பழங்கடன் ஆகிய எல்லாவற்றுக்கும் கங்காணி முற்பணம் கொடுத்தான். அப்பணம் துரையிடமிருந்து கங்காணி பெற்றது. கங்காணி அதனைத் தொழிலாளர் தலையில் எழுதினான். எழுதியது எவ்வளவு என்று அறியும் எழுத்தறிவு எழுதப்பட்டவனுக்கு இல்லை. சம்பளமும் மாதக்கணக்கிற் பின்தள்ளியே கிடைத்தது. அதிலும் அரிசிக்காசு முதலிற் கழிந்தது. கங்காணிக்கோ வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதம் எனப் பென்ஸ் காசு வேறு.

இவன் தோட்டம் மாற விரும்பினால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான். இக்கூட்டத்தார் இவ்வளவு ரூபா எமக்குக் கொடுக்கவேண்டும், அத்தொகையைக் கட்டுவோர்க்கு இவர்களை விடுவோம் என்பது அதன் கருத்து. இதுவே துண்டு. கங்காணி அதனைக் கையிற் கொண்டு தோட்டம் தோட்டமாகச் செல்வான். ஆள் பற்றாக்குறையால் தவிக்கும் வேறொரு துரை அத்தொகையைக் கட்டி, அதற்குமேல் கங்காணிக்கு ஒரு தொகையும் கொடுத்துக் கூட்டத்தை அழைத்துக்கொள்வான். அம்மேற்றொகையும் தொழிலாளர் கடனிலேயே ஏறும்.

இவ்விடத்தை வாசகர் சற்று நின்று நோக்கவேண்டும். ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அதன் விலை ஏறும் என்பது சந்தையின் வழக்கம். வேலையாளுக்குத் தட்டுப்பாடு வந்தால் அவன் சம்பளம் ஏறவேண்டும். இங்கே ஏறவில்லை. தோட்டத்துரைமார் சம்பளத்தைத் தம்முள் ஒத்து ஓரளவில் நிறுத்திக்கொண்டு, போட்டியை முற்பணத்திலே காட்டினர். அதனால் ஆள் அருமையாக ஆக, ஆளின் சம்பளம் அன்றி ஆளின் கடனே வளர்ந்தது. தமக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒருநாட் காலை சட்டி பானைகளைச் சுமந்துகொண்டு கூட்டம் முழுதும் வேறு தோட்டத்துக்கு நடந்ததை என் பாட்டனார் கூறுவார். ஏன் போனோம் என்று அவர் தந்தைக்கும் தெரியாதாம். போன இடத்திற் கடன் கூடியிருந்ததென்பது மட்டுந் தெரிந்ததாம்.

துண்டின்றி வெளியேறலாமே எனில், அங்கே சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதும், வேலை செய்ய மறுப்பதும் குற்றம். தண்டம் அன்றிச் சிறையும் உண்டு. பெண்களும் இதற்கு விலக்கல்லர். கடன் கொடாத வணிகன் மீது உரிமை வழக்கு மட்டுமே தொடரலாம். கடன்பட்ட தொழிலாளி தோட்டத்தை விட்டு நீங்கினால் அவன் குற்றவாளி. ஊழியம் பற்றிய ஓர் உடன்பாட்டை மீறுதல் சிறைக்குரியதாவது ஏன் என்பதே பின்னாளில் அருணாசலம் எழுப்பிய வினா.

பின்னாளில் என்றதனை மறைக்க விரும்பவில்லை. 1875 முதல் 1913இல் ஓய்வு பெறும்வரை 38 ஆண்டு அவர் ஆட்சியின் ஊழியர். அவர் சேவையிற் புகுந்தபோது இச்சட்டம் இருந்தது, விலகியபோதும் இருந்தது. சட்டநிருபண சபையிலும் சட்டநிர்வாக சபையிலும் உத்தியோகப் பற்றுடையவராக அமர்ந்தார். அப்பதவியின் கட்டு அத்தகையது எனச் சமாதானங் கூறலாம். ஆயினும் நாலரை லட்சம் மக்களை எண்ணிய கை அவர்களுக்காக எழுதுதற்குப் பின்னும் பதினெட்டு ஆண்டு சென்றது என்பதும் உண்மையே. குறை கூறுவது என் நோக்கமன்று. ஓய்வு பெற்றுச் சேர் பட்டமும் எய்திய ஒருவர் கோயிலும் நூலுமாக அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அறுபது வயதுக்குமேற் பகை தேடிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் தேடிக்கொண்டார்.

1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவி, கொழும்பு நகரத்து ஏழைத் தொழிலாளரின் குடியிருப்பு, கல்வி, கடன் ஆகியவற்றிற் கருத்தைச் செலுத்தினார். 1917இல் நாட்டின் அரசியற் தேவைகள் பற்றி அவர் ஆற்றிய பேருரை சீர்திருத்த இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1919 டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியபோது அவரே தலைவர். பலரும் அறியாதது, அதற்கு ஆறுமாதம் முன்னரே, 1919 ஜூன் 25ஆம் திகதி, இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கம் என ஒன்றை அவர் தொடங்கியமை. தலைவர் அருணாசலம், செயலாளர் பெரி சுந்தரம். ஒருவர் கொழும்பு முதலியாரின் மைந்தர். மற்றவர் தோட்டக் குடும்பத்திற் பிறந்து கற்றுயர்ந்து, பின்னாளிலே, 1931இல், இந்நாட்டின் முதல் தொழில் அமைச்சராகியவர். இருவரையும் ஒன்றாக்கியது கேம்பிரிட்ஜ்க் கல்வியும் இவ்வொரு சட்டத்தின் மீதுள்ள வெறுப்புமே. 1920இல் தொழிலாளர் சம்மேளனம் ஒன்றையும் அருணாசலம் அமைத்தார்.

சங்கத்தின் கோரிக்கையிலே தலையாயது தொழிற் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளை நீக்குதல். தோட்டத்துரைமார் எதிர்த்தனர். சிறை என்னும் அச்சம் நீங்கின் ஒருவனும் வேலையில் நில்லான், கொடுத்த முற்பணம் எல்லாம் போகும், தேயிலைத் தொழிலே கெடும் என்றனர். அருணாசலம் உணர்ச்சியை நம்பாது பதிவை நம்பினார். அவர் பதிவாளர் அல்லரோ? நீதிமன்றங்களிற் சிறை சென்றோர் கணக்கையும் சட்டத்தின் வாசகத்தையும் எடுத்து ஆட்சியாளர் முன் வைத்தார். இந்தியாவிலும் காலம் மாறியிருந்தது. ஒப்பந்தக் கூலி முறையைக் கோகலேயும் காந்தியடிகளும் பிறரும் கண்டித்ததன் பயனாக 1917இல் அவ்வாள் அனுப்புகை நின்றது. அதே ஆண்டில் சென்னையிலிருந்து வந்து இலங்கை, மலாயா நிலைமைகளை ஆராய்ந்த மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரின் அறிக்கையும் தொழிலாளரின் கடன்பாட்டைச் சுட்டியிருந்தது. சீர்திருத்தாவிடின் இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்திவிடும் என்னும் அச்சம் துரைமாரைப் பிடித்தது. அருணாசலத்தின் வாதம் வென்றதற்கு இவ்வச்சமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அறம் தனியே நின்று வெல்வது அருமை. பெரும்பாலும் அதற்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது.

1921, 22ஆம் ஆண்டுகளில் துண்டு முறையும் தண்டனைப் பிரிவுகளும் நீங்கின. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டமும், 1923இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளர் சட்டமும் நிறைவேறின. ஆள் திரட்டும் செலவைத் தொழிலாளர் தலையில் எழுதாது, தோட்டங்கள் கட்டும் பொது நிதியிலிருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கண்டியிலே தங்கலானார்.

இதனால் லயத்து வாழ்வு மாறிவிட்டதென்று கருதிவிடலாகாது. கங்காணியின் கை உடனே தளரவில்லை. சம்பளத்துக்கு ஓர் அடியெல்லை வகுத்த சட்டம் 1927இலேயே வந்தது. தோட்டத்துக்குள் நுழைந்து தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டும் வேலையைச் செய்தவர் கோ. நடேசய்யர், அருணாசலம் அல்லர். அருணாசலத்தின் போர் மனுவும் கடிதமும் மேடையுமாகக் கொழும்பிலேயே நடந்தது. எந்த வழக்கில் எவர் பொருட்டு அவர் வாதாடினாரோ அவர்களுட் பெரும்பாலோர் அவர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். என் பாட்டனார் கேட்டதில்லை. துண்டு நின்றுபோன ஆண்டை மட்டும் அவர் வேறுவகையாக நினைவு வைத்திருந்தார்: அப்பா தாமாகவே வேறு தோட்டம் பார்த்துப்போன வருடம் என்பார். பிற்காலத்திலே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இம்மக்கள் குடியுரிமை இழந்ததும், 2003இலேயே எஞ்சியோர்க்கும் அது கிடைத்ததும் வேறொரு நீண்ட கதை.

காங்கிரஸிலும் அருணாசலம் நிலைக்கவில்லை. மேல் மாகாணத்திலே தமிழர்க்கு ஓர் ஆசனம் தருவதாகக் கொடுத்த வாக்குறுதி மறக்கப்பட்டதனால் 1921இல் தாம் வளர்த்த சபையைவிட்டு வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழ் மக்கள் பேரால் ஒரு சங்கம் கண்டார். பல்கலைக்கழகத்துக்கு முன்னோடியாகக் கல்லூரி ஒன்று 1921இல் தொடங்கியதைக் கண்டு மகிழ்ந்தார். முழுப் பல்கலைக்கழகத்தைக் காண அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. உடல் தளர்ந்திருந்தும், தமிழ்நாட்டுத் தலங்களைத் தரிசிக்கும் வேட்கை அவரை விடவில்லை. யாத்திரையாகச் சென்றவர் 1924ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மதுரையிலே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 70.

மதுரைக்குத் தென்கிழக்கே, இராமேசுவரத்துக்குப் போகும் வழியில், மண்டபம் முகாம் அவ்வாண்டிலும் நிரம்பியிருந்தது. மருந்து தெளித்த கொட்டகைகளிலே குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னார்க் கப்பலுக்குக் காத்திருந்தனர். அவர்கள் கணக்கிலே வழிச்செலவு எழுதப்படவில்லை.